மரநாய் கடித்த நாய்க்குப் பத்து நாள் கணக்கு பொருந்தாது

வாசகர் கேள்விக்குக் கால்நடை மருத்துவரின் பதில்

கொள்ளிடக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் ஓய்வு பெற்றதும், இரண்டு வருடத்துக்கு முன்பு மாமனார் காலத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டார்கள். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், மரப்பலகை பாவிய மச்சு, அதற்கு மேல் நாட்டு ஓட்டுக் கூரை. கூடத்து ஓரத்தில் பாதி நெல்லோடு ஒரு பழைய பத்தாயம். கொல்லை முடிகிற இடத்தில் மூங்கில் புதர், அதைத் தாண்டி வாய்க்கால். வீட்டில் மூன்று நாட்டு நாய்கள்: ஐந்து வயது மணி, மூன்று வயதுப் பெட்டை செவலை, எட்டு மாதக் குட்டி ஒன்று.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் இருட்டும் நேரத்தில் மணிக்கும் ஒரு மரநாய்க்கும் கொல்லையில் சண்டை. மணிக்கு உதட்டிலும் முன்காலிலும் கடி. மரநாய் ஓடிவிட்டது. வாசகி வெறுங்கையால் காயத்தைக் கழுவி மஞ்சள் வைத்திருக்கிறார். பத்து நாள் கண்காணித்தார்கள், மணி நன்றாக இருக்கிறான், இப்போது 19 நாள் ஆகிறது. மணிக்குக் குட்டியாக இருந்தபோது முகாமில் ஒரு முறை வெறிநோய்த் தடுப்பூசி போட்டதாக நினைவு; அட்டை இல்லை. மற்ற இரண்டுக்கும் ஒன்றும் போடவில்லை.

இதற்கு முன்பு ஐப்பசி மழையில் செவலையைக் கண்ணாடி விரியன் கடித்தது. காலில் கயிறு கட்டி, பச்சிலை கொடுத்து, மறுநாள்தான் மருத்துவரிடம் போனார்கள். பிழைத்துக்கொண்டது, ஆனால் அன்றிலிருந்து தண்ணீர் அதிகம் குடிக்கிறது, இளைத்தும் விட்டது. மச்சில் இரவெல்லாம் சத்தம் என்பதால் கணவர் மேலே எலி மருந்து வைத்திருக்கிறார். ஊரில் ஒருவர் சுருக்கு வைத்து மரநாயைப் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன், "வீட்டை இடித்துவிட்டு கான்கிரீட் வீடு கட்டுங்கள், நாய்களை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்" என்கிறார். மே விடுமுறைக்கு ஆறு வயதுப் பேரன் வருகிறான். என்ன செய்வது என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தில் வீட்டைப் பற்றித்தான் மூன்று பக்கம் இருக்கிறது. மணியின் கடியைப் பற்றி ஆறு வரிதான். நான் அந்த ஆறு வரியிலிருந்து தொடங்குகிறேன். வீடு ஒரு மாதம் காத்திருக்கும். மணியின் விஷயம் நாளைக் காலையைத் தாண்டிக் காத்திருக்கக் கூடாது.

முதலில் மணி

பத்து நாள் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது; அது யாருக்கான கணக்கு என்பதுதான் மாறிப்போய்விடுகிறது. ஒரு நாய் மனிதரைக் கடித்தால், கடித்த அந்த நாயைப் பத்து நாள் பார்ப்பார்கள். வெறிநோய்க் கிருமி நாயின் உமிழ்நீரில் வருவது நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்புதான். அதனால் கடித்த நாய் பத்து நாளுக்குப் பிறகும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். மணி கடித்த நாய் இல்லை, கடிபட்ட நாய். கடிபட்ட உடம்பில் கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் மூன்று வாரம் முதல் மூன்று மாதம், சில சமயம் ஆறு மாதம் வரைகூட ஆகும். 19 நாள் நன்றாக இருந்தது எதையும் சொல்லவில்லை. மரநாய் போன்ற காட்டுப் பிராணிக்கு அந்தப் பத்து நாள் கணக்கே கிடையாது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்: "மூன்று நாயும் குரைத்தும் அது மரம் ஏறவில்லை, அப்படியே நின்றது." மரநாய் இரவில் நடமாடும் பிராணி, நாயைக் கண்டால் அடுத்த நொடி மரத்தில் இருக்கும். குட்டி வைத்திருக்கும் தாய் சில நேரம் எதிர்த்து நிற்கும் என்பதும் உண்மை. இது எந்த ரகம் என்று இனித் தெரிந்துகொள்ள வழியில்லை. தெரியாத இடத்தில், நோய் இருந்தது என்றே வைத்துக்கொண்டு நடப்பதுதான் முறை.

அட்டை இல்லாத, ஐந்து வருடத்துக்கு முந்தைய ஒற்றை ஊசியை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று, பிறகு வருடா வருடம் என்பதுதான் பாதுகாப்பு. ஆகவே மணியை ஊசியே போடாத நாயாக நினைத்துச் செய்ய வேண்டியவை:

கடிக்குப் பிந்தைய ஊசி: 0, 3, 7, 14, 28 என்று ஐந்து நாட்களில் போடுவது இங்கே வழக்கம். 0 என்பது கடித்த நாள் அல்ல, முதல் ஊசி போடும் நாள். "19 நாள் தாண்டிவிட்டதே, முதல் நான்கு ஊசி போய்விட்டதா" என்று நினைக்க வேண்டாம். நாளைக்குப் போட்டால் நாளைதான் 0. தாமதமான ஊசி அதே அளவு காக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. போடாமல் விடுவதை விட எவ்வளவோ மேல்.

தனி இடம்: கடித்த நாளிலிருந்து ஆறு மாதம். உங்கள் பழைய மாட்டுக்கொட்டகையில் ஒரு பக்கத்தை 10 அடிக்கு 8 அடி மறித்து, ஆறடி உயரத்துக்கு வெல்டு மெஷ் வலை அடியுங்கள். வலையின் அடிப்பகுதி தரையோடு சிமெண்டில் பதிய வேண்டும்; நாட்டு நாய் ஒரே ராத்திரியில் பள்ளம் பறித்து வெளியே வந்துவிடும். வாசல் இரண்டு இருக்கட்டும், ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைத் திறக்கும்படி. சோறும் தண்ணீரும் தள்ளிவைக்கத் தரையோடு ஒரு சின்னத் திறப்பு. ஒரே ஒரு பெரியவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கிலியில் கட்டிப்போடுவது இதற்கு ஈடாகாது, ஏனென்றால் தெருநாயும் பிள்ளைகளும் பக்கத்தில் வர முடியும்.

இந்த ஆறு மாதத்தில் மணியின் குரல் மாறினால், தாடை தொங்கி எச்சில் வடிந்தால், விழுங்கச் சிரமப்பட்டால், காரணமில்லாமல் இருட்டில் ஒதுங்கினால், கல்லையும் கட்டையையும் கடித்தால், உள்ளே போகாதீர்கள், மருத்துவரை அழையுங்கள். குறிப்பாக ஒன்று: "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது போல" என்று தோன்றினால் வாய்க்குள் கையை விட்டுவிடாதீர்கள். வெறிநோயின் ஊமை வகை அப்படித்தான் இருக்கும். நாயை நேசிப்பவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இனி உங்கள் கை. சோப்புத் தூள் பட்டு விரல் நுனிகளில் வெடிப்பு என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கையால் புதுக் காயத்தைக் கழுவியிருக்கிறீர்கள். காயத்தில் மரநாயின் எச்சில் இருந்திருக்கும். நான் கால்நடை மருத்துவன், மனிதருக்கான சிகிச்சையை முடிவு செய்ய முடியாது. ஆனால் நாளைக் காலை அரசு மருத்துவமனைக்குப் போய், "மரநாய் கடித்த நாயின் காயத்தை, விரலில் வெடிப்போடு, வெறுங்கையால் கழுவினேன்" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வெறுமனே "நாயைத் தொட்டேன்" என்றால் திருப்பி அனுப்பிவிடக்கூடும். மனிதருக்கும் ஊசி தொடங்குவதற்குக் காலக்கெடு இல்லை. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில், கட்டணமில்லாமல் போடுவார்கள். இனி எப்போது கடிபட்டாலும் மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம்: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. நாயின் காயத்தைக் கழுவுவதாக இருந்தால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

செவலைக்கும் குட்டிக்கும் இந்தச் சண்டையில் கடி இல்லை என்கிறீர்கள். முடியை விலக்கி, காது மடல், தாடை அடி, கால் இடுக்கு எல்லாம் ஒரு மருத்துவர் பார்க்கட்டும். மரநாயின் கோரைப்பல் குத்திய ஓட்டை அரிசி அளவுதான் இருக்கும், முடி மூடிவிடும். ஒரு கீறல் இருந்தாலும் மணிக்குச் சொன்னதெல்லாம் அதற்கும். இல்லையென்றால் வெறிநோய் ஊசியும், டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசியும் போட்டு, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை. எலிக்காய்ச்சல் ஊசியை டெல்டாவில் யாரும் தள்ளிப்போடக் கூடாது. வயலிலும் வாய்க்காலிலும் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் நம் நாய்கள் தினமும் இறங்குகின்றன. டிஸ்டெம்பர் ஊசி நாயை மட்டுமல்ல, மூங்கில் புதரில் இருக்கும் மரநாயையும் நரியையும் காக்கும். அந்த நோய் நாயிடமிருந்து அவற்றுக்கும் போகக்கூடியது.

செவலையின் தண்ணீர்த் தாகம்

"கடி சரியாகிவிட்டது, வெயிலுக்குத் தண்ணீர் குடிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆரம்பித்தது ஐப்பசி மழையில், அம்மா. கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தத்தை உறையவிடாமல் செய்வதோடு சிறுநீரகத்தையும் தாக்கும். கடிக்குப் பிழைத்த நாய்க்கு மாதக்கணக்கில் தாகமும் மெலிவும் நீடிப்பது சிறுநீரகச் சேதத்தின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் அதுவேதான் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். கருத்தடை செய்யாத பெட்டை என்பதால் கருப்பையில் சீழ் கட்டினாலும் இப்படித் தண்ணீர் குடிக்கும். சூடு முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் அது வரும். உண்ணிக் காய்ச்சலும் இளைக்க வைக்கும்.

ஒரே நாளில் மூன்றையும் பிரித்துவிடலாம்: ரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின், முழு அணுக்கள் எண்ணிக்கை; காலை முதல் சிறுநீர்; வயிற்று ஸ்கேன். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, இவ்வளவும் ஓரிடத்தில் செய்ய வசதியாக இருக்கும். சிறுநீர் பிடிக்க, ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கொதிநீரில் கழுவி, குச்சியில் கட்டி, அது உட்காரும்போது பின்னாலிருந்து நீட்டினால் போதும். அதுவரை ஒன்று செய்யாதீர்கள்: ரேழியெல்லாம் மூத்திரம் போகிறது என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். சிறுநீரகம் கெட்ட நாய்க்குத் தண்ணீரை நிறுத்தினால் இரண்டே நாளில் படுத்துவிடும்.

அடுத்த முறை பாம்பு கடித்தால்

அன்று கட்டிய கயிறு நல்லது செய்யவில்லை. விரியன் நஞ்சு கடித்த இடத்துச் சதையையே அழுகவைக்கும். கயிறு கட்டினால் அதை அங்கேயே தேக்கிவைத்த மாதிரி. கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எல்லாமே கெடுதல். உடனே செய்ய வேண்டியது, பலருக்குத் தோன்றாதது: கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு போவதால் கடி பெரும்பாலும் மூக்கிலோ முகத்திலோ முன்காலிலோதான் விழும். அரை மணியில் முகமும் தொண்டையும் பூரிக்கும்போது அந்தப் பட்டையே கழுத்தை நெரித்துவிடும்.

நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாம்பை அடித்து எடுத்துவரத் தேவையில்லை, தூரத்திலிருந்து ஒரு படம் போதும். நம் ஊரில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. கண்ணாடி விரியன் என்றால் வீக்கம், ஈறில் ரத்தம், சிவப்புச் சிறுநீர். நாகம் என்றால் எச்சில் ஒழுகும், இமை தொங்கும், பின்கால் தள்ளாடும். கட்டுவிரியன்தான் ஏமாற்றும்: வீக்கமே இருக்காது, இரவில் நடந்திருக்கும், காலையில் நாய் எழுந்திருக்காது.

"10 கிலோ நாய்க்கு அரைக் குப்பி போதாதா, ஏன் இரண்டு குப்பி போட்டார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நஞ்சுமுறியை நாயின் எடைக்குப் போடுவதில்லை, உள்ளே போன நஞ்சுக்குப் போடுகிறோம். பாம்பு ஆளைப் பார்த்து அளந்து விடுவதில்லை. சின்ன உடம்பில் அதே நஞ்சு இன்னும் வேகமாக வேலை செய்யும். போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை இருக்கிறது. சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். சாய்த்தால் கட்டியாக நிற்க வேண்டும். தண்ணீர் மாதிரி ஓடினால் விரியன் நஞ்சு இன்னும் வேலை செய்கிறது. அன்று உங்கள் மருத்துவர் இரண்டாவது குப்பி போட்டது இதைப் பார்த்துத்தான் இருக்கும்.

இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று: உங்களைச் சுற்றி 30 கிலோமீட்டரில் எந்தக் கால்நடை மருத்துவமனையில், எந்த மருந்துக் கடையில் நஞ்சுமுறி இருப்பில் இருக்கிறது, இரவில் யார் வருவார்கள் என்று விசாரித்து, எண்களைச் சுவரில் எழுதிவையுங்கள். கால்நடைகளுக்கான நடமாடும் ஊர்திக்கு 1962. மனிதரைக் கடித்தால் 108.

மச்சில் வைத்த மருந்து

உறையில் "புரோமடையலோன் 0.005 சதவீதம்" என்று இருப்பதாக எழுதியது நல்லதாயிற்று. அந்த நீலக் கட்டிகளை இன்றைக்கே எண்ணி எடுத்துவிடுங்கள். வைத்தது எத்தனை, கிடைத்தது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். தின்ற பிராணி உடனே சாகாது. ரத்தம் உறைவதற்கான சரக்கு தீரத் தீர, மூன்று முதல் ஐந்து நாளில் உள்ளுக்குள் கசியத் தொடங்கும். எலி தின்று தள்ளாடும்போது அதைப் பிடிப்பது உங்கள் குட்டி நாய், பூனை, கூகை, பாம்பு. நாயின் ஈறு வெளுத்தால், மூக்கில் ரத்தம் வந்தால், இருமினால், காரணமில்லாமல் நொண்டினால், அந்த உறையோடு மருத்துவரிடம் போங்கள். இதற்கு மாற்று வைட்டமின் கே1, மூன்று நான்கு வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் கே3 ஊசி இதற்கு வேலை செய்யாது, கே1 என்றே கேட்டு வாங்குங்கள்.

கட்டி வேண்டாம் என்று கறுப்புத் தூளுக்கு மாறிவிடாதீர்கள். ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலம் பட்டதும் நச்சு வாயுவாகிறது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும், மாற்று மருந்தே இல்லை. நாய் வாந்தி எடுத்தால் அந்த வாயு பக்கத்தில் இருக்கும் உங்களையும் தாக்கும். ஜன்னலைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள்.

இதே கையோடு இன்னொன்று. குட்டியின் பாதம் சிவந்து தோல் உரிகிறது, சேற்றுப்புண் என்று மஞ்சள் பூசுகிறீர்கள். இரண்டு பக்கம் தள்ளி, பாம்பு வராமல் இருக்க வெள்ளிக்கிழமைதோறும் வீட்டைச் சுற்றிக் கார்பாலிக் ஆசிட் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். மாசியில் சேறு ஏது அம்மா? அது அமிலம் சுட்ட புண். நக்கினால் உள்ளேயும் போகும். வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்டுங்கள். ஆசிட், பினாயில், அந்துருண்டை, பூண்டுக் கரைசல் எதுவும் பாம்பைத் தடுப்பதில்லை. முதல் மூன்றும் நாயையும் பூனையையும் நிச்சயம் வருத்தும். ராத்திரி உருளைக்கிழங்கு வேகும் வாசம் வருகிறது, பாம்பு கொட்டாவி விடுகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். பாம்பின் வாயிலிருந்து அப்படி வாசம் வராது. அந்தப் பயத்தில் தூக்கம் கெட வேண்டாம்.

சுருக்கு வைக்கலாமா?

கூடாது. மரநாய், கீரி, உடும்பு, நல்லபாம்பு, சாரை, மயில் எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் கொல்வது மட்டுமல்ல, நஞ்சு வைப்பது, சுருக்கு வைப்பது, பிடிப்பது, நாயை ஏவித் துரத்துவது, இவற்றுக்கு முயற்சி செய்வதும் அடங்கும். சுருக்கு வைப்பவர் ஊரார்தான். ஆனால் உங்கள் கொல்லையில், உங்கள் சம்மதத்தோடு நடந்தால் நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

"என் நாயைக் காப்பாற்ற அடித்தால்கூடக் குற்றமா" என்று உங்கள் கணவர் கேட்டிருக்கிறார். 11(2) பிரிவு சொல்லும் விலக்கு, தன்னையோ இன்னொரு மனிதரையோ காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்பது. நாயும் கோழியும் அந்த வாசகத்தில் இல்லை. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் தீயணைப்பு மீட்புப் படையை 101இல் அழையுங்கள். வந்து பிடித்துப் போவார்கள். தானாக விலகாத, நோய்பட்டது போலத் தோன்றும் மரநாய் என்றால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். அதற்குள் நாய்களை உள்ளே அடைத்துவிடுங்கள்.

சட்டத்தை விடுங்கள், பிடித்து என்ன ஆகப்போகிறது? தென்னையும் மாவும் ஈச்சம்பழமும் இருக்கும் கொல்லையில் ஒன்று போனால் அந்த இடத்துக்கு வேறொன்று வரும். வர முடியாதபடி செய்வதுதான் வழி.

வீட்டை இடிக்க வேண்டாம், ஓட்டைகளை மூடுங்கள்

உங்கள் மகனின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் பாம்பும் மரநாயும் பழைய மரத்தைத் தேடி வரவில்லை. சம்பா அறுவடை முடிந்ததும் வரப்பு எலிகள் வீட்டுக்கு வந்தன. பத்தாயத்தில் நெல், தட்டில் மிச்சம் வைத்த நாய்ச்சோறு. எலிக்குப் பின்னால் மற்றவை. இதே நெல்லையும் இதே விறகையும் வைத்துக்கொண்டு கான்கிரீட் வீடு கட்டினாலும் இதே விருந்தாளிகள்தான் வருவார்கள்.

மச்சில் முதல் வேலை வழியைக் கண்டுபிடிப்பது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மச்சுப் பலகையிலும் சுவர் மேல்விளிம்பிலும் கோலமாவைச் சல்லடையில் மெல்லச் சலித்துவிடுங்கள். காலையில் தடம் எந்த ஓட்டை நோக்கிப் போகிறது என்று பாருங்கள். எலித் தடம் சுண்டு விரல் நகம் அளவு. மரநாய்த் தடம் ஐந்து விரலோடு பூனையை விடச் சற்றுப் பெரிது. ஒரு மூலையில் பழக்கொட்டை நிறைந்த எச்சம் குவிந்திருந்தால் அதுவே அதன் கழிப்பிடம். வழி தெரிந்ததும் உடனே அடைத்துவிடாதீர்கள். உள்ளே குட்டி இருந்தால் செத்து நாறும், தாய் கூரை ஓடுகளைப் பிரித்துக்கொண்டு இறங்கும். செய்தித்தாளைக் கசக்கி ஓட்டையில் தளர்வாகச் செருகுங்கள். தொடர்ந்து மூன்று இரவு தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாருமில்லை. நான்காம் நாள் அரை அங்குல இரும்பு வலையை மரச்சட்டத்தோடு ஆணியடித்து மூடுங்கள். கீச்சுக் குரல் கேட்டால் குட்டிகள் வெளியேறும்வரை சில வாரம் பொறுங்கள். கூரைக்கு எட்டும் மாங்கிளையை இரண்டு மூன்று மீட்டர் விலகும்படி கழித்துவிடுங்கள். உடைந்த கூரை ஓடுகளை மாற்றுங்கள். எச்சத்தை உலர்வாகப் பெருக்க வேண்டாம். பிளீச்சிங் கரைசல் தெளித்து நனைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டு அள்ளுங்கள்.

பாம்புக்கு வழி தரையில். முற்றத்துத் தூம்புதான் பழைய வீடுகளில் பாம்பு வரும் முதல் வாசல். கழற்றிச் சுத்தம் செய்யும்படி கால் அங்குல வலையை அதன் வாயில் பொருத்துங்கள். கொல்லைக் கதவுக்கும் வாசற்படிக்கும் நடுவில் விரல் போகிற இடைவெளி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; கதவின் அடியில் ரப்பர் பட்டை அடித்தால் போதும். விறகைத் தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி அடுக்கி, வைக்கோலோடு சேர்த்து வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். சுவரில் பல்லி தேடி ஏறும் வரிப்பாம்பை எல்லாம் கட்டுவிரியன் என்று அடித்துவிடுவார்கள். வெள்ளிக்கோல் வரையன் நஞ்சில்லாதது. அதன் பட்டைகள் கழுத்தருகே எடுப்பாகவும் வாலருகே மங்கியும் இருக்கும். கட்டுவிரியனுக்கு இது தலைகீழ். இதை நம்பிக் கையில் எடுக்கச் சொல்லவில்லை, அடிக்காமல் இருக்கத்தான் சொல்கிறேன்.

எலிக்கு நம் ஊரிலேயே நல்ல கருவி இருக்கிறது. தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் வில்பொறியை வயல் வரப்பில் வளைக்குப் பக்கத்தில் நாய் போகாத இடமாகப் பார்த்து வையுங்கள். வீட்டுக்குள் கூண்டுப்பொறி, கருவாட்டுத் துண்டோடு. முதல் இரண்டு இரவு பொறியைக் கட்டாமல் தீனி மட்டும் வைத்தால் எலிக்குப் பயம் விடும். பத்தாயத்தின் கால்களில் ஒன்றரை அடிக்கு வழுவழுப்பான தகரம் சுற்றினால் ஏற முடியாது. நாய்த்தட்டை ஏழு மணிக்கு எடுத்துவிடுங்கள். மோட்டுவளையில் கூகை வந்து உட்கார்ந்தால் அபசகுனம் என்று விரட்ட வேண்டாம். அது எலி பிடிக்க வந்திருக்கிறது.

நாய்கள் தரையில் படுக்கக் கூடாது, குறிப்பாக ஐப்பசி, கார்த்திகையில் வளைகளில் தண்ணீர் ஏறும்போது. ஒன்றரை அடி உயரக் கயிற்றுக் கட்டில் ஆளுக்கொன்று ரேழியில் போட்டு, இருட்டியதும் உள்ளே விட்டுத் தாழிடுங்கள். மணி அன்று சண்டைக்குப் போனது கொல்லைக் கதவு திறந்திருந்ததால்தான். சுவர் வெடிப்பிலும் மரச்சந்திலும் உண்ணி முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் சுவரிலிருந்து மறுபடி ஏறும். வெடிப்புகளைப் பூசிச் சுண்ணாம்பு அடியுங்கள்.

உத்தரத்தில் கறையான் என்பதால் மருந்தடிக்கப் போவதாகச் சொன்னீர்கள். தச்சு என் துறை இல்லை, நல்ல ஆசாரியிடம் காட்டுங்கள். குளோர்பைரிபாஸ் அடித்தால் நன்கு காய்ந்து காற்றாடும்வரை, குறைந்தது இரண்டு நாள், நாய்கள் அந்தப் பக்கம் வரக் கூடாது. எச்சில் ஒழுகி, உடல் நடுங்கி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினால் அது அந்த மருந்தின் நஞ்சு, அப்போதே ஓடுங்கள். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவதானாலும் அப்படியே. காயாத எண்ணெய் தோலைச் சுட்டுவிடும்.

மகன் சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் என்னிடமிருந்து உறுதியான மறுப்பு: மணியை இப்போது யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது நாயைப் பற்றித் தெரியாத ஒரு வீட்டுக்கு உங்கள் கவலையைச் சொல்லாமல் அனுப்புவது போல ஆகிவிடும். தை முடிவிலிருந்து ஆறு மாதம் என்றால் ஆடி முடியும் வரை. ஐந்து ஊசியும் தேதி தவறாமல் போட்டுவிட்டால், உங்கள் மருத்துவர் நேரில் பார்த்து அந்தக் காலத்தைக் குறைக்கலாம்; நீங்களாகக் குறைக்க வேண்டாம். மே மாதம் பேரன் வரும்போது மணி அந்த வலைக்குள்தான் இருப்பான். பையன் விரலை உள்ளே விடாதபடி, வலையிலிருந்து நான்கு அடி தள்ளி இடுப்புயரத்துக்கு ஒரு மூங்கில் படலும் கட்டிவிடுங்கள்.